பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த கதை

ஏப்ரல் 11, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்துவிட்டது. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வைப்பதில்லை என்பதால் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இனி அந்தச் சாக்கு இல்லை. பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகிறது. காலையில் தோசை வார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"முப்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை வச்சிருவோமா?"

"எதை?"

"எதையா? உங்க மோட்டார் கடை ஆண்டு விழாவை. பாப்பா ஞானஸ்நானத்தைத்தாங்க கேக்கேன்."

"ஓ" என்றார். பிறகு சட்னி போதவில்லை என்றார். கிண்ணம் நிறையச் சட்னி இருந்தது.

நெல்லையப்பன் என்று பெயர் வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் இருக்கும் என்று அமலி அக்கா அப்போதே சொன்னாள். ஆனால் நான் இவரைக் கட்டியது கோயிலில்தான், ஆயரிடம் முறைப்படி அனுமதி வாங்கி. பிறக்கும் பிள்ளையைக் கத்தோலிக்கப் பிள்ளையாக வளர்ப்பேன் என்று எழுதிக் கொடுக்க உட்கார்ந்தபோது என் பேனா மக்கர் பண்ணியது. "இந்தா, நம்ம பேனாவுல போடு" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டியவர் இவர். முப்பத்தாறு வயதில் எனக்கு அந்த ஒரு நீட்டல் போதுமாக இருந்தது.

இன்றுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை. நாள்தான் சொல்வதில்லை. டிசம்பரில் பாப்பாவுக்குச் சளி. ஜனவரியில் பொங்கல். பொங்கலுக்கும் ஞானஸ்நானத்துக்கும் என்ன தகராறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏப்ரல் 12, புதன்

பாப்பா இன்று முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். மின்விசிறியைப் பார்த்து.

ஏப்ரல் 15, சனி

தூத்துக்குடியிலிருந்து அமலி அக்கா வந்திறங்கினாள். அவள்தான் ஞானத்தாய். வின்சென்ட் அத்தான் ஞானத்தகப்பன். அவருக்கு இது இன்னும் தெரியாதாம், சொல்லிக்கொள்ளலாமாம். கையில் நெத்திலிக் கருவாடு, பாப்பாவுக்கு ஒரு வெள்ளை கவுன். அந்தக் கவுனுக்குள் மூன்று பாப்பாக்களை வைக்கலாம்.

"ஏட்டி, வளருத பிள்ளை. அடுத்த மாசம் சரியாயிரும்."

"அடுத்த மாசம் பிள்ளை வளரும், யானை ஆகாதுக்கா."

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் தென்றல். நானும் அவரும் சேர்ந்து வைத்த பெயர். ஞானஸ்நானத்துக்கு ஒரு புனிதையின் பெயர் வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் சொல்வது ரோஸ்லின், இல்லாவிட்டால் அமலோற்பவம்.

"தென்றல்னு மோட்சத்துல யாருட்டி இருக்கா?"

"மதினி, மோட்சத்துல காத்து வேண்டாமா?" என்று அவர் உள்ளே இருந்து குரல் கொடுத்தார். அக்கா சிரித்துவிட்டாள். இவரிடம் அவள் தோற்றுப்போவது இப்படித்தான். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்த தைரியத்தில் நான் நடுவே நுழைந்து, "அப்ப முப்பதாம் தேதி உறுதிதானே?" என்றேன். கடையில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் காத்திருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 16, ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதர் இருதயராஜைப் பார்த்தேன். பெற்றோர் இருவரும் இரண்டு சனிக்கிழமை தயாரிப்பு வகுப்புக்கு வர வேண்டும், அது முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் ஞானஸ்நானம் என்றார். ஆகவே முப்பது இல்லை, மே ஏழு. வீட்டுக்கு வந்து சொன்னால், ஏழாம் தேதி வாடிக்கையாளர் வீட்டுப் புதுமனை புகுவிழாவாம். சரி, பதினான்கு? "அக்னி வெயில், செசிலி. பிள்ளை தாங்காது." கோயிலில் பன்னிரண்டு மின்விசிறி ஓடுகிறது. அதில் நான்கு இவரே மாட்டியது.

இப்போது எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. இவர் மனம் மாறிவிட்டார் என்று நினைக்கிறேன். பிள்ளை இல்லாத எட்டு வருடம் ஒத்துக்கொள்வது லேசு. பிள்ளை மடியில் இருக்கும்போது வேறு. எனக்குக் கோயிலில் கூட்டம் வேண்டாம், பிரியாணி வேண்டாம். ஞானஸ்நானத் தொட்டி பக்கத்தில் இவர் என்னோடு நிற்க வேண்டும், மனதோடு. நிற்கமாட்டார் என்றால் நான் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவதா? அப்படி வாங்கும் ஞானஸ்நானம் எனக்கு எப்படி இருக்கும்?

பாப்பா மத்தியானத்தில் சத்தமே இல்லாமல் தூங்குகிறாள். துணி மடித்து வைக்கும் சாக்கில் நாலைந்து தடவை போய்ப் பார்த்தேன். ஒரு தடவை போனபோது அவர் தொட்டிலுக்குள் குனிந்து நின்றார். ஸ்குரூ டிரைவரைத் தேடுகிறாராம்.

ஏப்ரல் 19, புதன்

கருவூல அலுவலகத்திலிருந்து பாக்கியத்தாய் அக்கா போன் செய்தார். நான் பிரசவ விடுப்பில் வந்ததிலிருந்து என் மேசையில் யாரோ ஊறுகாய் பாட்டில் வைத்திருக்கிறார்களாம். பாப்பா குறைமாதத்தில் பிறந்தாளே, இப்போது எப்படி என்று கேட்டார். எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன்: எனக்கு ரத்த அழுத்தம் ஏறி எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே ஆபரேஷன் பண்ண வேண்டியதாயிற்று. இரண்டு நாள் எனக்கு நினைவில்லை. பாப்பா எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது அது. நானும் எல்லோருக்கும் சொல்வது அது.

"டாக்டர் என்ன சொன்னாங்க அப்போ?" என்றார் பாக்கியத்தாய் அக்கா. பால் பொங்குகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் பால் இல்லை.

ஏப்ரல் 22, சனி

முதல் வகுப்பு. எங்களையும் சேர்த்து மூன்று ஜோடி. மற்ற இரண்டு ஜோடியும் சேர்ந்தால்தான் எங்கள் வயது வரும். ஒரு பெண் என்னை "ஆண்ட்டி, நீங்க பிள்ளைக்குப் பாட்டியா?" என்று கேட்டாள். அவர் சட்டென்று, "ஆமாம்மா, நான் தாத்தா, ஆனா பிள்ளையும் எங்களுதுதான்" என்றார். அந்தப் பெண் வகுப்பு முடியும்வரை எங்கள் பக்கமே திரும்பவில்லை.

ஃபாதர் நன்றாகப் பேசினார். பிறந்த பிள்ளை ஆபத்தில் இருந்தால் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம், யாரும் கொடுக்கலாம் என்றார். தலையில் தண்ணீர் ஊற்றி, அதற்குரிய வார்த்தையைச் சொன்னால் போதும். எதிரே இருந்த பையன், "பாட்டில் தண்ணி செல்லுமா ஃபாதர்?" என்றான். செல்லும் என்றார். உடனே பக்கத்திலிருந்து இவர் குரல்.

"ஊசி போடுத சிரிஞ்சில ஊத்துனா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. எதிலும் ஒரு வேடிக்கை வேண்டும் இவருக்கு. ஆனால் ஃபாதர் சிரிக்கவில்லை.

"எதுல ஊத்துனாலும் தண்ணி தலையில ஓடணும். ஓடுனாச் செல்லும்."

"வேத்து மதத்துக்காரன் ஊத்துனா?"

"திருச்சபை என்ன நினைச்சுக் கொடுக்குதோ அதையே நினைச்சு ஊத்தினாச் செல்லும். ஒரு தடவை கொடுத்தா கொடுத்ததுதான். மறுபடி ஆயரே வந்தாலும் கொடுக்க முடியாது."

வண்டியில் வரும்போது, "என்னத்துக்கு அப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"சும்மா. டவுட்டு."

"மோட்டார்க்காரருக்கு எல்லாம் பம்பாத்தான் தெரியும் போல."

இதற்கு ஒரு பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏப்ரல் 25, செவ்வாய்

கவுனைத் தையற்காரரிடம் கொடுத்தேன். பிடித்துத் தைத்ததில் மிஞ்சிய துணியில் தொப்பி தைக்கலாமாம். திரைச்சீலையே தைக்கலாம்.

ஏப்ரல் 26, புதன்

மீன் வாங்கும்போது, கோயிலில் மணி அடித்து பீட வேலை பார்க்கும் கோயில்பிள்ளை மிக்கேல் அண்ணன் எதிரே வந்தார். "என்னம்மா, நம்ம நெல்லையப்பன் சார் நேத்து சாயந்திரம் ஃபாதர் ரூம்ல ரொம்ப நேரம் இருந்தாரே. பூசைக்கு எதுவும் விசேஷமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. நேற்று வந்து கடையில் வேலை அதிகம் என்றுதான் சொன்னார்.

சாளை மீனை நானே ஆய்ந்தேன். செதில் உரசிக்கொண்டிருந்தால் யோசனை குறையும். ஞானஸ்நானம் வேண்டாம் என்று என்னிடம் சொல்ல முடியாமல் ஃபாதரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். வேறு என்னவாக இருக்க முடியும்?

குழம்பில் உப்பு இல்லை என்றாள் அக்கா. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

ஏப்ரல் 27, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"ஃபாதர்ட்ட என்ன பேசுனீங்க?"

ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சனிக்கெழமை வகுப்பு முடிஞ்சதும் ரெண்டு பேரையும் இருக்கச் சொன்னாரு."

"இப்பச் சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க. நான் அழமாட்டேன்."

"வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

"வேணும்னு எப்பச் சொன்னீங்க?"

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மிக்ஸியைப் போட்டாள். அரைக்க ஒன்றும் இல்லாமலே அது கொஞ்ச நேரம் ஓடியது.

ஏப்ரல் 28, வெள்ளி

பேசிக்கொள்ளவில்லை. பாப்பா வழியாகத்தான் பேச்சு. "அப்பாட்டச் சொல்லு, சோறு எடுத்து வச்சிருக்கு." "அம்மாட்டச் சொல்லு, அப்பாவுக்குப் பசிக்கல." பாப்பா இருவர் செய்தியையும் கொண்டுபோகாமல் எச்சில் வடித்தாள்.

ஏப்ரல் 29, சனி

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு ஃபாதர் தன் அறைக்கு எங்களை அழைத்துப் போனார். பாப்பா என் மடியில். சாயந்திர வெயில் சன்னல் வழியாக நேராக இவர் முகத்தில் அடித்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டிருக்கலாம். போடவில்லை.

"நீங்களே சொல்லுங்க. அதுதான் முறை" என்றார் ஃபாதர்.

இவர் என்னைப் பார்க்காமல் பாப்பாவின் காலைப் பார்த்துச் சொன்னார்.

"பிறந்த மறுநாள் மத்தியானம். மூச்சு நிக்கவும் வரவுமா இருந்துச்சு. டாக்டரம்மா என்னையக் கூப்பிட்டு, சாயந்திரம் தாண்டுததே கஷ்டம், சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கன்னாங்க. நீ அந்தப் பக்கம் கண்ணே முழிக்கல. ஒனக்கும் ஒண்ணும் உறுதியாச் சொல்லல அவங்க."

எடை குறைவு, எடை குறைவு என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க ஒரு மலையாளத்து நர்சு. கழுத்துல ஜெபமாலை கெடந்துச்சு. அம்மா கிறிஸ்டியன்லா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கட்டான்னு கேட்டுச்சு. யாரு கொடுக்கலாம்னேன். யாரும் கொடுக்கலாம், மனசோட கொடுத்தாப் போதும்னுச்சு. அப்ப நானே கொடுக்கேன்னேன்."

"ஏன், அவங்களே கொடுத்திருப்பாங்களே?" என்றார் ஃபாதர். செவ்வாய்க்கிழமை இதை ஒரு தடவை கேட்டிருப்பார். எனக்காக மறுபடி கேட்டார் என்று நினைக்கிறேன்.

"பிள்ளைக்கு அப்பன் நான் நிக்கேம்லா ஃபாதர்."

கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட வட்டமாக ஒரு துவாரம் இருக்குமாம். கிருமி நீக்கிய தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து அந்த நர்ஸ் இவர் கையில் கொடுத்திருக்கிறார். வார்த்தையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவர் முதலில் தண்ணீர் இல்லாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம், தப்பு வந்துவிடக் கூடாது என்று.

"தண்ணி ஓடுச்சா?" என்றார் ஃபாதர்.

"காது வரைக்கும் ஓடுச்சு. காதுக்குள்ள போயிரக் கூடாதுன்னு விரலால தொடச்சுவிட்டேன். தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." முழுவதையும் சொன்னார், ஒரு எழுத்து பிசகாமல். மோட்டார் கடைக்காரர், வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கடைக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்.

"என்ன பேரு சொன்னீங்க?"

இவர் பாப்பாவின் கால் விரலைப் பிடித்துக்கொண்டார். ஃபாதர் காத்திருந்தார்.

"செசிலின்னு."

"அம்மா பேரா?"

"நர்சு, புனிதர் பேரு ஏதாவது சொல்லுங்கன்னுச்சு. அன்னிக்கு வேற எந்தப் பேரு ஃபாதர் எனக்கு வரும்?"

ஃபாதர் அந்த நர்ஸிடம் போனில் பேசி உறுதி செய்துகொண்டதாகச் சொன்னார். முறைப்படி எல்லாம் சரியாம். மேலும் ஏதோ சொன்னார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கோயில் வளாகத்தில் மாதா சிலை இருக்கும் கெபி முன்னால் நின்றேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. பாப்பாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன், எந்த இடமாக இருக்கும் என்று.

ஏப்ரல் 30, ஞாயிறு

பூசைக்குப் போனோம். திரும்பி வந்தோம். கோபமாக இருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

மே 1, திங்கள்

கடை விடுமுறை. மத்தியானம் அக்கா தூங்கப் போன பிறகு வாளியோடு கொடிப் பக்கம் வந்தேன். அவரும் வந்து பாப்பா துணிகளை உதறி உதறிக் கொடுத்தார்.

"ஏன் எனக்குச் சொல்லலை?"

"ஞானஸ்நானத்தைச் சொன்னா அந்த மத்தியானத்தையும் சொல்லணும்லா."

"சொல்லியிருக்கலாம். அஞ்சு மாசம் ஆச்சு."

"நீ ஒரு தடவ கூடக் கேக்கலியே செசிலி. வீட்டுக்கு வந்தப்புறம் எப்பக் கேப்பா, எப்பக் கேப்பான்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல. சரி, தெரிய வேண்டாம்னு இருக்கா போலன்னு விட்டுட்டேன்."

அவர் நினைத்தது சரி. என் கோபமே அதுதான்.

"ஒங்க கோயில்ல மறுபடி தண்ணி ஊத்தக் கூடாதுன்னு அந்த நர்சு அன்னிக்கே சொல்லிருச்சு. சாமியாரை ஏமாத்தி ஊத்த வைக்கவும் மனசு இல்ல. அதான் நாளைத் தள்ளிக்கிட்டே இருந்தேன்."

"எத்தனை நாளைக்குத் தள்ளியிருப்பீங்க? பிள்ளைக்குக் கல்யாணம் வரைக்குமா?"

"அக்னி வெயில் ஒவ்வொரு வருஷமும் வருமே" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது. கையில் ஈரத் துணி இருந்ததால் அதிலேயே துடைத்துக்கொண்டேன். பிறகு, "முதல்லேர்ந்து சொல்லுங்க. என்னைய உள்ள கொண்டுபோனதுலேர்ந்து" என்றேன். கொடியில் துணி காய்ந்து மொடமொடவென்று ஆகும்வரை சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

மே 3, புதன்

அக்காவிடம் சொன்னோம்.

"தண்ணி ஊத்தாம என்ன ஞானஸ்நானம்? தூத்துக்குடியிலேர்ந்து ஒரு வேன் ஆளு வருது. அதுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

தண்ணீர் மட்டும்தான் இல்லை, எண்ணெய் பூசுவது, வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி எல்லாம் உண்டு, ஞானத்தாய்க்கும் வேலை உண்டு என்று ஃபாதர் சொன்னதைச் சொன்னேன். கொஞ்சம் இறங்கினாள். பெயரைச் சொன்னதும் மறுபடி ஏறினாள்.

"செசிலியா? மூணு வாரமா ரோஸ்லினா அமலோற்பவமான்னு மண்டையை ஒடைக்கேன், ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே! மாப்ள, நீங்களாவது வாயைத் தொறந்தீங்களா?"

"மதினி, நீங்க இவ்வளவு ஆசையாச் சொல்லும்போது எப்படி மதினி குறுக்க பேச?"

"ஒரே வீட்டுல ரெண்டு செசிலி. கூப்பிட்டா எவ வருவா?"

"ரெண்டும் வராது. பழகிட்டேன்."

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஆனால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கவனித்தேன்: சீலா மீனின் நடுத்துண்டு முழுவதும் அவர் தட்டில் இருந்தது. எனக்கு வால்.

மே 4, வியாழன்

பதினான்காம் தேதி ஞாயிறு. இந்தத் தடவை நாள் குறித்தவர் அவர்.

மே 14, ஞாயிறு

கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதாமல் தூங்க மாட்டேன்.

கவுன் இன்னும் பெரிதுதான். பாப்பா அதற்குள் எங்கோ இருந்தாள். பீடத்துக்கு முன் அக்கா, வின்சென்ட் அத்தான், நாங்கள் இருவர். இவர் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் வழக்கமாகக் காலையில் வைக்கும் விபூதியோடு வந்திருந்தார். அழித்துவிடவா என்று வாசலில் கேட்டார். வேண்டாம் என்றேன்.

தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஃபாதர் கூட்டத்தைப் பார்த்து, "இந்தக் குழந்தைக்குத் திருமுழுக்கு ஏற்கெனவே ஆகிவிட்டது. ஆபத்து நேரத்தில், மருத்துவமனையில், அதைக் கொடுத்தவர் குழந்தையின் தகப்பனார். அதனால் இன்று தண்ணீர் ஊற்றப்போவதில்லை" என்றார். கோயில் முழுக்கத் தலைகள் திரும்பின. இவர் தன் செருப்பில்லாத காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். என் தோள் அவர் கையில் இடித்தது. நகராமல் நின்றோம்.

எண்ணெய் பூசும்போது பாப்பா ஃபாதரின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. மெழுகுதிரியை அத்தான் தன் மீசைக்கு மிக அருகில் பிடித்திருந்தார். அக்கா மந்திரத்துக்கு நடுவே அவரை முறைத்தாள்.

முடிந்ததும் உள் அறையில் ஃபாதர் பதிவேட்டைத் திறந்தார். தேதிக்கு இன்றைய தேதியை எழுதவில்லை, அந்த நவம்பர் தேதியை எழுதினார். திருமுழுக்கு அளித்தவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"முழுப் பேரு சொல்லுங்க."

"அதுல என் பேரையா ஃபாதர் எழுதணும்? பின்னால யாராவது பாத்தா என்னமும் சொல்லப்போறாங்க."

"நடந்ததைத்தான எழுதணும்."

"ச. நெல்லையப்பன்" என்றார். அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் எல்லாம் அருட்பணி, அருட்பணி என்று சாமியார்கள். நடுவில் இது. மை காயும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கவில்லை, பிரியாணி தம் போதுமா என்று பார்க்க அவசரமாகப் போய்விட்டார்.

பங்கு மண்டபத்தில் இரண்டாவது பந்தி நடக்கும்போது பாக்கியத்தாய் அக்கா வந்து சேர்ந்தார், வழக்கம்போலப் பூசை முழுவதையும் விட்டுவிட்டு. பாப்பாவை வாங்கிக் கவுனுக்குள் தேடிப் பிடித்து ஒரு முத்தம் கொடுத்தார்.

"பஸ்ஸு லேட்டும்மா. எந்தச் சாமியார் கொடுத்தாரு ஞானஸ்நானம்? புதுசா வந்தவரா, பழையவரா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறுகையில் கரண்டியுமாக வரிசையில் வந்துகொண்டிருந்தவரைக் காட்டினேன்.

"அன்னா, தயிர்ப்பச்சடி வச்சிட்டு வாராரே, அவருதான்."